அம்பாசடர் பின்பக்கப் பட்டை: பழைய ஆயில் அடிக்கலாமா?

கிருஷ்ணகிரி_அம்பி:
அப்பா வைத்திருந்த அம்பாசடர், ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் பின்னால் கிறீச் கிறீச்சென்று சத்தம். டிரைவர் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் நிற்கிறது. பின்பக்க எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டையில் பழைய ஆயில் அடித்தால் போதும் என்கிறார்கள், சரியா?

பட்டறைவாசி:
வேண்டாங்க. ஆயில் வழிந்து, பட்டை நுனியை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ்ஷில் (உள்ளே இருக்கும் ரப்பர் வளையம்) இறங்கினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும், மேலே தூசி அப்பிப் பட்டையையும் தேய்க்கும். பட்டை செட்டைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, கிராஃபைட் கிரீஸை மெல்லியதாகப் பூசி மாட்டுங்கள்.

தொப்பூரான்:
தாழ்ந்து நிற்பதற்குக் கிரீஸ் மருந்தில்லை. பட்டை ஒடிந்திருக்கிறதா, பட்டையை ஆக்சிலோடு (சக்கர அச்சு) இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தளர்ந்தால் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சிலே நகர்ந்துவிடும், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அது விளையாட்டில்லை. தர்மபுரியில் லாரிப் பட்டை அடிப்பவர்களிடம் தொங்கிய பட்டைக்கு மறுபடி வளைவு ஏற்றலாம், ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள், கண்டபடி சூடு காட்டினால் வலு போய் மறுபடி தொங்கிவிடும்.

கிருஷ்ணகிரி_அம்பி:
சரிண்ணா. புஷ் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிடலாமா?

பட்டறைவாசி:
கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி எடை ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு, இல்லையென்றால் புஷ் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள்.