ஒரு நாள் கேம்பர் வேன்: கடலோரமே போவதா, மதியம் உள்நாட்டுக்குத் திரும்புவதா?

வேன்வாசி

ஆஸ்திரேலியாவில் மெல்பர்னுக்கு மேற்கே கடலோரமாகப் போகும் கிரேட் ஓஷன் ரோட்டில் கேம்பர் வேன் எடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. கடலுக்குள் தூண்களாக நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்த்து முடித்ததும் கடலை விட்டுவிடுங்கள். போர்ட் கேம்ப்பெல்லில் வடக்கே திரும்பி, உள்நாட்டு ஊர் ஒன்றில் இரவு தங்குங்கள்.

ஏப்ரல் கடைசியில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் செய்தோம். காலை ஏழரைக்கு அப்போலோ பேயில் கிளம்பினோம். லாவர்ஸ் ஹில் வரை ஓட்வே மழைக்காடு. வளைவுகளில் வேனை மெதுவாகத்தான் ஓட்ட முடியும், பின்னால் வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே போனோம். ஒன்பதரைக்குப் பாறைகள். மெல்பர்னிலிருந்து வரும் சுற்றுலாப் பஸ்கள் மதியத்துக்கு மேல்தான் குவியும் என்பதால் மேடையில் நிம்மதியாக நிற்க முடிந்தது. 2005 ஜூலையில் ஒரு பாறை இடிந்து விழுந்ததைச் சொன்னதும் சின்னவன் மீதியை எண்ண ஆரம்பித்துவிட்டான். அப்புறம் லாக் ஆர்ட் கார்ஜ். 1878 ஜூன் 1 அன்று லாக் ஆர்ட் என்ற கப்பல் அங்கே உடைந்தபோது இருந்த 54 பேரில் பிழைத்தது இரண்டே பேர்.

மதியம் போர்ட் கேம்ப்பெல்லில் சாப்பிட்டுவிட்டு டிம்பூன், கோப்டன் வழியாக கேம்பர்டவுன் போனோம். மொத்தம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். பச்சை மேய்ச்சல் நிலமும் பால் லாரிகளும் தவிர வழியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கேம்பர்டவுனுக்கு மேற்கே ஒரு மேட்டில் ஏறி நின்றால், இரண்டு எரிமலை வாய்கள் ஒட்டினாற்போல் ஏரிகளாகக் கிடக்கின்றன. ஒன்று புலன் மெரி, மற்றது நோட்டுக். நோட்டுக்கின் நீர் கடலைவிட உப்பு. இரண்டின் நிறமும் வேறு, நீர்மட்டமும் வேறு. நடுவில் ஒரு கரை மட்டும். நாங்கள் பேச்சில்லாமல் அரை மணி நேரம் நின்றோம்.

மொத்தப் பயணத்திலும் என் மனதில் நிற்பது அந்த அரை மணி நேரம்தான்.

கடலோடி

வேன்வாசி அண்ணா, நல்ல எழுத்து. ஆனால் யோசனையோடு எனக்கு ஒட்டவில்லை.

போர்ட் கேம்ப்பெல்லில் திரும்பினால் அந்தக் கடற்கரையின் சிறந்த பகுதியை விட்டுவிடுகிறீர்கள். பெரும்பாலான சுற்றுலாப் பஸ்கள் லண்டன் ஆர்ச்சோடு திரும்பிவிடும். அதற்கு மேற்கேதான் கிராட்டோ, பீட்டர்பரோ, பே ஆஃப் ஐலண்ட்ஸ். அப்போஸ்தலர் பாறைகளுக்குக் குறையாத பாறைத் தூண்கள், பார்க்க ஆளே இல்லாமல். அந்த லண்டன் ஆர்ச்சும் முன்பு கரையோடு சேர்ந்த பாலமாகத்தான் இருந்தது. 1990 ஜனவரியில் ஒரு வளைவு இடிந்து, இரண்டு பேர் நடுக்கடல் பாறையில் மாட்டி, ஹெலிகாப்டரில்தான் வந்தார்கள். கடல் நம் கண்ணெதிரே நிலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. ஏரி அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.

ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன்: மெல்பர்னிலிருந்து மேற்கு நோக்கி ஓட்டினால் கடல் இடப்பக்கம் வரும், ஒதுங்கி நிறுத்தும் இடங்களும் நம் பக்கமே வரும். பெரிய வண்டிக்கு இது பெரிய வசதி. கடலோரமாகவே திரும்பி வருவதில் அர்த்தமில்லை. ஆனால் உள்நாட்டு வழி வீட்டுக்குத் திரும்பும் வழி, அவ்வளவுதான். அதைப் பயணத்தின் பாதியாக்குவது சரியில்லை.

ரயிலடி செல்வி

என் அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தபோது கடலோடி சொன்ன மாதிரிதான் செய்தோம். மேற்கே வாரனம்பூல் நகரம் வரை கடலோரம். எட்டாவது வியூபாயின்ட்டில் அம்மா வேனை விட்டு இறங்கவே இல்லை. "எல்லாம் பாறைதானேம்மா" என்றார். மறுநாள் உள்நாட்டு ஊரான கோலாக்கில் ஒரு பேக்கரி வாசலில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக் கிழவியோடு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசினார். ஊருக்குத் திரும்பியும் அந்தக் கிழவியைப் பற்றித்தான் பேச்சு. என் ஓட்டு வேன்வாசிக்கு.

மாணவன்_ஜீலாங்

வேனை நிறுத்தி இரவு தங்கும் கேரவன் பார்க் செலவை இரண்டு பேருமே சொல்லவில்லையே. விடுமுறை நாட்களில் கரண்ட் உள்ள இடம் ஒன்றின் வாடகையில் எனக்கு ஒரு வாரச் சாப்பாடு ஆகிவிடும். என் வேனில் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. கடலைப் பார்த்த கார் பார்க்கில் நிறுத்தித் தூங்கி, விடிந்ததும் போய்விட்டால் யாருக்கு என்ன நட்டம்? கடற்கரை எல்லோருக்கும் பொது இல்லையா?

கொரங்கமைட் நர்ஸ்

தம்பி, உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. நான் யாழ்ப்பாணத்து ஆள், ஆறு வருடமாக இந்த வட்டாரத்தில் வேலை செய்கிறேன்.

முதலில், அந்தக் கார் பார்க்குகளில் இரவு தங்குவது சட்டப்படி கூடாது, அபராதம் உண்டு. அது இருக்கட்டும். யாருக்கு நட்டம் என்று கேட்டீர்கள். கழிப்பறை இல்லாத கார் பார்க்கில் இருபது வேன் இரவு நின்றால் விடியும்போது புதரெல்லாம் என்ன கோலத்தில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோடையில் யாராவது அடுப்பைக் காற்றில் வைத்தால் என்ன ஆகும்? 2015 கிறிஸ்துமஸ் அன்று இந்தச் சாலையோரத்து ஊர்களான வை ரிவரிலும் செபரேஷன் கிரீக்கிலும் 116 வீடுகள் எரிந்தன. அந்தத் தீ மின்னலில் தொடங்கியது, உண்மைதான். ஆனால் இந்தக் காடு எவ்வளவு வேகமாக எரியும் என்பதை இங்கிருப்பவர்கள் அன்று கண்ணால் பார்த்தார்கள். தீயோடு மல்லுக்கட்டப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பேக்கரிக்காரர், பால்பண்ணைக்காரர், எங்கள் ஆஸ்பத்திரிப் பணியாளர்.

இந்த ஊர்கள் வண்டியில் வருகிறவர்களுக்கு எதிரி இல்லை. கேம்பர் வேன் சங்கம் 'ஆர்வி ஃப்ரெண்ட்லி டவுன்' என்று பல ஊர்களுக்குப் பட்டம் கொடுத்திருக்கிறது. குறைந்த வாடகையில் தங்க இடம், தண்ணீர், கழிவு கொட்டும் இடம் எல்லாம் அங்கே கிடைக்கும். பல உள்நாட்டு ஊர்களில் ஷோகிரவுண்ட் என்கிற கண்காட்சித் திடலிலேயே சின்னத் தொகைக்கு நிறுத்தலாம். ஆகவே காசு இல்லை என்றால் அதுவே உள்நாட்டுக்கு வருவதற்கு ஒரு காரணம். ஆனால் மெல்பர்ன் சூப்பர் மார்க்கெட்டில் எல்லாவற்றையும் வாங்கி நிரப்பிக்கொண்டு வந்து, இங்கே குப்பையை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு ரொட்டியை இங்கே வாங்குங்கள். டீசலை இங்கே போடுங்கள்.

வேன்வாசி அண்ணாவுக்கு ஒன்று. ஏரியைப் பார்த்தீர்கள், கேம்பர்டவுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனீர்களா? அங்கே உயரமான ஒரு கல்தூண் இருக்கிறது. இந்த மண்ணின் பழங்குடிகளான ஜார்குர்ட் வுரங் மக்களில் ஒருவரான வோம்பீட்ச் புயூன் 1883இல் இறந்தபோது, அவரைக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே சதுப்பு நிலத்தில் புதைத்துவிட்டார்கள். அவருடைய நண்பர் ஜேம்ஸ் டாசன் ஸ்காட்லாந்துக்காரர், இம்மக்களின் மொழிகளைப் பதிவு செய்தவர். ஊருக்குத் திரும்பி வந்து இதைக் கேள்விப்பட்டவர், உடலை உள்ளே கொண்டுவந்து புதைத்து, மேலே அந்தத் தூணை நிறுத்தினார். அதற்குப் பணம் கேட்டபோது வசதியான வெள்ளைக்காரக் குடியேறிகள் பலர் கைவிரித்தார்கள். அந்தத் தூணில் 1840, 1883 என்று இரண்டு ஆண்டுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது குடியேறிகள் வந்த காலத்தைக் குறிக்கிறது, இரண்டாவது அவர் இறந்த ஆண்டு. நாற்பத்து மூன்று வருடத்தில் ஒரு இனத்துக்கு என்ன செய்யப்பட்டது என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. நான் முதல்முறை வாசித்தபோது அழுதுவிட்டேன். ஏன் என்று என் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடலோடி

அக்கா, கேம்பர்டவுன் வழியாக இருபது தடவையாவது போயிருப்பேன். அந்த நெடுஞ்சாலை நடுவில் நிற்கும் மணிக்கூண்டைத் தவிர ஒன்றும் எனக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தியதே இல்லை. அது என் தப்பு.

ஆனாலும் கேள்வி ஒரு நாளைப் பற்றியது. ஏப்ரலில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தைக் கடலுக்குக் கொடுப்பேன், கல்தூணுக்கு மறுநாள் காலையைக் கொடுப்பேன். பே ஆஃப் ஐலண்ட்ஸில் சூரியன் இறங்குவதைப் பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒத்துக்கொள்வார்கள்.

வேன்வாசி

அந்தச் சூரியன் இறங்கிய பிறகு எங்கே போவீர்கள்? பயமே அங்கேதான். அந்தி நேரத்தில்தான் கங்காருகள் சாலைக்கு வருகின்றன. மூன்று டன் வேனைச் சட்டென்று நிறுத்த முடியாது. இருட்டில் ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு கிடையாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். நான் நாலரைக்கே வண்டியை நிறுத்திச் சமைக்க ஆரம்பித்ததற்கு ஏரி மட்டும் காரணமில்லை, பின்னால் தூங்கும் பிள்ளைகளும் காரணம்.

நர்ஸ் அக்கா, கல்லறைத் தோட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. மறுநாள் காலை ஃபின்லே அவென்யூவில் எல்ம் மரங்கள் மஞ்சளாகக் கொட்டுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் எரிமலைக் கல்லைப் பொறுக்கிச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிச்சுவர்கள். முயலைத் தடுப்பதற்கும் அந்தச் சுவர்கள்தானாம். வின்செல்சியை நெருங்கும்போது பெரியவளிடம், 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டையாட முயல்களை அவிழ்த்துவிட்டது இந்த ஊர்ப் பக்கம்தான் என்றேன். "சுவர் அங்கே, முயல் இங்கேயா?" என்று கேட்டாள். கடலோரமாகத் திரும்பியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

மாணவன்_ஜீலாங்

அக்கா, ஷோகிரவுண்ட் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. முன்பதிவு வேண்டுமா, நேராகப் போய்விடலாமா?

கொரங்கமைட் நர்ஸ்

ஊருக்கு ஊர் வேறு, தம்பி. கண்காட்சி நடக்கும் வாரங்களில் இடம் இருக்காது. கிளம்புவதற்கு முன்னால் அந்தந்த ஊர் தகவல் நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஓட்வே காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, அதனால் வீட்டிலிருந்தே பேசிவிடுங்கள்.

கடலோடி

சரி, இரவு ஓட்டுவது பற்றி அண்ணா சொன்னதை ஏற்கிறேன். பீட்டர்பரோவிலேயே தங்கிவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. சூரியனும் கிடைக்கும், கங்காருவும் குறுக்கே வராது. கடலை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூலையில் வாரனம்பூலில் இருக்கும் லோகன்ஸ் பீச்சுக்குத் திமிங்கலம் பார்க்கப் போகிறோம். திரும்பும்போது கேம்பர்டவுனில் நிறுத்துகிறேன். அந்தத் தூண் கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது, அக்கா?