மிளகாய் எட்டிப் பார்க்காத அடுப்படி: உங்கள் வீட்டில் கண்டதைச் சொல்லுங்கள்

கும்பகோணத்திலிருந்து:

தெவசத்துக்கு, அதாவது இறந்த முன்னோருக்கு வருஷா வருஷம் கொடுக்கும் திதிக்கு, முதல் நாளே அத்தை காய்கறிப் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிடுவார். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் எதுவும் உள்ளே நுழையக் கூடாது. மிளகாய்க்குப் பேச்சே இல்லை. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், கொத்தவரங்காய், சேப்பங்கிழங்கு வரும். காரத்துக்கு மிளகும் இஞ்சியும்தான். “தக்காளி போட்டா என்ன அத்தை?” என்று கேட்டேன். “அவா சாப்பிட்டதே இல்லையேடி” என்றார்.

சரித்திரமும் அதையேதான் சொல்கிறது. மிளகாய், தக்காளி, உருளை மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய பிறகுதான் போர்ச்சுக்கீசியரும் அவர்களுக்குப் பின்னால் வந்த ஐரோப்பியரும் இவற்றை இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய சமையலின் ருசி தெரிய வேண்டுமானால் தெவச இலையில் உட்கார்ந்தால் போதும். இதை வெறும் ஆசாரம் என்று தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிரண்டைத் துவையலை அத்தையிடம்தான் கற்றேன். இளசாகப் பறித்து, கணுவை ஒடித்துப் போட்டு, நாலு ஓரத்திலும் நார் உரிக்க வேண்டும். அதற்கு முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அரிப்பு தாங்காது. பச்சை நிறம் மங்கிச் சுருளும்வரை வதக்க வேண்டும். அவசரப்பட்டால் தொண்டை பிடுங்கும். வசிஷ்டர் வீட்டுத் தெவசத்தில் சாப்பிட விசுவாமித்திரர் 1008 காய் கேட்டபோது, வசிஷ்டர் மனைவி அருந்ததி பாகற்காயை 100 ஆகவும், பிரண்டையை 300 ஆகவும், பலாவை 600 ஆகவும் கணக்கு வைத்து, மீதிக்கு எட்டுக் காய் சமைத்தாள் என்ற கதையை, நார் உரித்துக்கொண்டே சொல்வார்.

ஈரோட்டிலிருந்து:

எங்களுக்குத் தெவசச் சமையல் பழக்கமில்லைங்க. ஆனா பிள்ளை பெத்தவங்களுக்கு அம்மிச்சி (அம்மாவோட அம்மா) வைக்கிற செலவு ரசத்துல, அதாவது மருந்துச் சாமான் போட்ட ரசத்துல, வரமிளகாய் சேராது. மிளகு, சீரகம், சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, மஞ்சள் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில ஒரே பொட்டலமா வாங்கி, வறுத்து இடிச்சுப் போடுவாங்க. சளி பிடிச்சாலும் அதேதான். மிளகாய் வந்து இத்தனை தலைமுறை ஆகியும் உடம்புக்கு முடியலைன்னா கை மிளகு டப்பாவுக்குத்தானே போகுது!

காஞ்சிபுரத்திலிருந்து:

வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை இங்கே சேர்க்காமல் விட முடியாது. பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். துண்டு போட்டு எடுத்தால் இலை வாசம் உள்வரை இறங்கியிருக்கும். ஊர் ஓட்டல்களில் அதே பெயரில் டம்ளரில் வார்த்துத் தருவது வேறு பண்டம். அந்த வாசம் அதில் இல்லை.

இதே காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ஒரு விருந்து வருகிறது. மாதுளம் பிஞ்சைப் பிளந்து, மிளகும் கறிவேப்பிலையும் கலந்து, பசு வெண்ணெயில் வேகவைத்த பொரியல், தொட்டுக்கொள்ள மாவடு. படித்த நாளிலிருந்து மனசு அதிலேயே நின்றது. கொல்லையில் காய்த்தபோது செய்தும் பார்த்தேன். பிஞ்சு துவர்க்கும், அதனால் வெண்ணெயைத் தாராளமாக விட வேண்டும். மிளகைக் கரகரப்பாகத் தட்டி, இறக்கும்போது தூவுங்கள். முற்றிய காய் இதற்கு ஆகாது.