அல்செனோவில் இறங்காத எட்டு வருடங்கள்: விமானி கொர்ரீனியின் கையொப்பம்

2006 முதல் 2014 வரை, இத்தாலியில், வேலைக்காக ரெஜ்ஜோ எமிலியாவிலிருந்து பியாசென்சாவுக்கு ரயிலில் போய் வந்தேன். எல்லா இடத்திலும் நின்று போகிற வண்டி. ஃபிதென்சா தாண்டினதும் அல்செனோ என்றொரு சின்ன நிலையம். ஒருவர் ஏறுவார், இருவர் இறங்குவார்கள், சில நாள் அதுவும் இல்லை. மார்கழி மாதத்து மூடுபனியில் பெயர்ப்பலகைகூடத் தெரியாது. அந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.

இரண்டாம் உலகப் போரில் பறந்த இத்தாலியப் போர் விமானி லூயிஜி கொர்ரீனி அந்த ஊர்க்காரர் என்பதை 2014 நவம்பரில், அவர் இறந்த செய்தியைப் பேப்பரில் படித்தபோதுதான் அறிந்தேன். 1917இல் அல்செனோவில் பிறந்தவர், அல்செனோவிலேயே காலமானார், 97 வயதில். போர்க்கால விமானங்களின் பிளாஸ்டிக் மாதிரிகளைச் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிற ஆள் நான். மக்கி 205 வெல்ட்ரோ என்ற இத்தாலியப் போர் விமானத்தை மட்டும் மூன்று தடவை செய்து வைத்திருக்கிறேன். அதை ஓட்டிச் சண்டை போட்ட மனிதரின் ஊரை எட்டு வருடமாக, நாளுக்கு இரண்டு முறை, தூங்கி வழிந்துகொண்டே கடந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கொர்ரீனி அதிகாரி அல்ல, சார்ஜன்ட் தரத்தில் இருந்த விமானி. 1940இல் பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்தைத் தாக்க முசோலினி அனுப்பிய படைப்பிரிவில் ஃபியட் சிஆர்.42 ஓட்டினார். இரட்டை இறக்கை, மூடியில்லாத விமானி அறை, மடங்காத சக்கரம். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பறந்த காலத்தில் அது தாத்தா விமானம். அப்புறம் வட ஆபிரிக்கா. 1943இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை எதிர்த்து, இரண்டு 20 மி.மீ. பீரங்கிகள் பூட்டிய வெல்ட்ரோவில் பறந்தார். அவர் வீழ்த்திய எதிரி விமானங்களின் கணக்கு 19 என்பார்கள். பட்டியலுக்குப் பட்டியல் கூடக் குறைய இருக்கும். இத்தாலிய விமானப்படை தனியாள் கணக்கைவிடப் படைப்பிரிவின் கணக்கையே பெரிதாக நினைத்தது என்பதால் இந்தச் சண்டை ஒருநாளும் தீராது. நாட்டின் உயர்ந்த வீர விருதான தங்கப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

செய்தி படித்த குற்ற உணர்ச்சியில் அவருடைய கையொப்பம் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். தேட ஒன்றுமே இல்லை, கிடைத்துக்கொண்டே இருந்தது! படங்கள், தபால் உறைகள், வெறும் அட்டைகள், ஓவிய அச்சுகள் எல்லாவற்றிலும் அவர் கையொப்பம். ஓவிய அச்சு என்றால், ஓவியர் ஒருவர் வரைந்த வான்சண்டைக் காட்சியை எண்ணிக்கை குறித்து அச்சடித்து, கீழே உயிரோடிருக்கும் விமானிகளிடம் பென்சிலில் கையொப்பம் வாங்கி விற்பார்கள். நான் வாங்கியது சாதாரணப் படம்தான், 40 யூரோ. மிலானில் மாதத்தின் கடைசி ஞாயிறு நவில்யோ வாய்க்கால் கரையில் கூடுகிற பழம்பொருள் சந்தையில், ஒரு பெரியவரின் மேசையில். வயதான கையின் எழுத்து, கோடு லேசாக நடுங்கியிருக்கும். அதுதான் எனக்குப் பிடித்தது.

அதே மேசையில் தெரேசியோ மர்த்தினோலியின் கையொப்பம் இருக்கிறதா என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். மர்த்தினோலியும் 1917இல் பிறந்தவர், அவரும் சார்ஜன்ட்தான், வீழ்த்திய கணக்கு 22. ஆனால் 1944 ஓகஸ்ட்டில், அமெரிக்கர் கொடுத்த ஐரகோப்ரா விமானத்தில் பயிற்சி எடுக்கும்போது விழுந்து செத்துப்போனார், 27 வயதில். இன்னும் இரண்டு இத்தாலிய விமானிகள், லுக்கீனியும் ஃபெர்ருல்லியும், ஒரே நாளில், 1943 ஜூலை 5ஆம் திகதி, சிசிலி வானில் போனவர்கள். இன்னொரு விமானி அட்ரியானோ விஸ்கொந்தியைச் சரணடைந்த பிறகு மிலானில் வைத்துச் சுட்டார்கள், 1945 ஏப்ரல் 29. இவர்கள் கையொப்பம் இடுவதற்கு யாரும் மேசை போட்டுக் கொடுக்கவில்லை. பறப்புப் பதிவேடு, வீட்டுக்கு எழுதிய கடிதம், படை ஆவணம் என்று எங்காவது ஒன்று மிஞ்சியிருந்தால்தான் உண்டு. அது சந்தைக்கு வந்தால் என் மாதச் சம்பளம் காணாது. இந்தச் சந்தையில் விலை எவ்வளவு என்பது அவர் எப்படிப் பறந்தார் என்பதைப் பொறுத்ததல்ல, எப்போது செத்தார் என்பதைப் பொறுத்தது. கொர்ரீனி மலிவாகக் கிடைப்பது அவர் 97 வயதுவரை இருந்ததால். எனக்கு அதில் சந்தோஷமே.

ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். 1943 செப்டம்பர் 8இல் இத்தாலி போர்நிறுத்தம் அறிவித்து நாடு இரண்டாகப் பிளந்தபோது, கொர்ரீனி வடக்கே ஜெர்மானியர் தயவில் நின்ற முசோலினியின் குடியரசுப் படையில் சேர்ந்தார். மர்த்தினோலி தெற்கே நேச நாடுகள் பக்கம். அந்த வடக்குக் காலத்துப் படங்களுக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் விமானத்தை ரசிக்கிறவர்கள் இல்லை என்பது இரண்டு நிமிடம் கதைத்தாலே தெரிந்துவிடும். நான் வாங்கிய படத்தில் வெறும் முகம்தான், சின்னம் ஒன்றும் இல்லை. அப்படிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படி அனுபவம் உண்டா?

*

சென்னையிலிருந்து:

அண்ணா, உங்களுக்கு நல்ல பெரியவர் கிடைத்திருக்கிறார். எனக்கு வாய்த்தது வேறு மாதிரி. மூன்று வருடம் முன்னால் இணைய ஏலத்தில் இதே கொர்ரீனியின் படம் ஒன்று எடுத்தேன். '1943இல் போர்முனையில் கையொப்பமிட்டது' என்று போட்டிருந்தார்கள். தபால் செலவோடு சேர்த்து 14,000 ரூபாய். வீட்டில் 4,000 என்று சொல்லியிருக்கிறேன், தயவுசெய்து காட்டிக்கொடுக்காதீர்கள்.

வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அச்சடித்த கையொப்பமாக இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அது இல்லை, மை தாளின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் பால்பாயிண்ட் பேனா! உருண்டை உருண்டு போன தடம் பள்ளமாகத் தெரிகிறது. அந்தப் பேனா ஐரோப்பாவில் சாதாரணக் கடைகளுக்கு வந்ததே போர் முடிந்த பிறகு. சந்தேகம் வந்ததும் கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கை அடித்தேன். தாள் பளிச்சென்று பல்லிளித்தது. வெண்மை கூட்டுகிற ரசாயனத்தை 1950க்கு முந்தைய புகைப்படத் தாளில் எதிர்பார்க்க முடியாது. உடனே பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன். பதினைந்து மின்னஞ்சல், இரண்டு மாதம், பணம் வந்தது.

கூடவே 'உண்மைச் சான்றிதழ்' ஒன்றும் வைத்திருந்தார்கள். படத்தைவிட அது அழகு. தங்க முத்திரை எல்லாம்.

*

லண்டனிலிருந்து:

கையொப்பம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சிஆர்.42 என்றதும் எழுத வேண்டும்போல இருந்தது. ஹென்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. 1940 நவம்பர் 11இல் எண்ணெய்க் குழாய் பழுதாகி ஓர்ஃபர்ட்னெஸ் கடற்கரையில் இறங்கியது. ஓட்டியவர் பியெத்ரோ சல்வதோரி, அவரும் சார்ஜன்ட். விமானத்தின் உடலில் 95 என்ற படைப்பிரிவு எண். கொர்ரீனி இருந்த 85ஆம் பிரிவும் அதுவும் ஒரே குழு, 18ஆம் குழு. மகனைக் கூட்டிக்கொண்டு போனபோது அவன் விமானி அறையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, இதுக்குக் கண்ணாடியே இல்லையே, குளிராதா?" நவம்பர் மாதம், வட கடலுக்கு மேலே, அந்த உயரத்தில்!

அண்ணை, ஒன்று கேட்கலாமா? பிறகாவது அல்செனோவில் இறங்கினீர்களா?

*

மறுபடி ரெஜ்ஜோ எமிலியாவிலிருந்து:

இறங்கினேன் தம்பி, ஒரு ஜூன் மாதம். அந்த ஊராட்சிக்குள்தான் கியரவல்லே தெல்லா கொலோம்பா என்ற 12ஆம் நூற்றாண்டு மடம் இருக்கிறது. கோயிலின் நடுத்தரை முழுக்கப் பூவிதழால் கம்பளம் போடுவார்கள். மனைவி அதைப் பார்க்க ஆசைப்பட்டாள். கொர்ரீனியைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. மாதிரி விமானம் ஒட்டுகிற ஒரு வெளிநாட்டுக்காரன் என்னவென்று சொல்லிக் கேட்பது? நிலையத்தில் மட்டும் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சென்னைத் தம்பிக்கு ஒரு விஷயம். சொன்னால் மனம் கஷ்டப்படும், இருந்தாலும் சொல்ல வேண்டும். தாள் மின்னினால் படம் மறுபதிப்பு என்றுதான் அர்த்தம். கொர்ரீனி வயதான காலத்தில் கையொப்பமிட்டதெல்லாம் பெரும்பாலும் மறுபதிப்புகளில்தான், குமிழ்முனைப் பேனையாலும் (நீங்கள் சொல்கிற பால்பாயிண்ட்) மார்க்கராலும். என்னுடையதும் மின்னும். '1943' என்பது பொய், அதில் சந்தேகமில்லை. ஆனால் கையொப்பம் அவருடையதாகவே இருந்திருக்கலாம். நடுக்கம் இருந்ததா? தொண்ணூறு வயதுக் கையைப் போலி செய்கிறவனுக்கு நடுக்கம் சரியாக வராது. ஒன்றில் சீராக ஓடும், இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்திலும் ஒரே அளவாக நடுங்கும்.

*

சென்னையிலிருந்து:

இருந்தது அண்ணா. முதல் எழுத்தில் அதிகமாக, கடைசியில் கொஞ்சம்.

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். அதே படத்தை அந்த விற்பனையாளர் மறுபடி ஏலத்தில் போட்டிருக்கிறார். 1943 என்ற வார்த்தை இல்லை. விலை பத்து யூரோ கூட.