ஒலித்தடுப்புப் பலகையா, ஒலித்திண்டா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் இசை கேட்கும் அறை பற்றிய என் கட்டுரைக்காக, அறைக்குள் எதிரொலியைக் குறைக்கச் சுவரில் மாட்டும் அகூஸ்டிக் பேனலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘ஒலித்தடுப்புப் பலகை’, ‘ஒலியடக்கி’, ‘ஒலியுறிஞ்சுப் பலகை’ என்னும் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ‘ஒலியடக்கி’ வண்டியின் சைலன்சரையே நினைவூட்டுவதால் அதை விட்டுவிடலாம்.

‘ஒலித்தடுப்பு’ என்பதை நான் மறுப்பதற்குச் சொந்த அனுபவமே காரணம். 4.3 மீட்டர் நீளமும் 3.2 மீட்டர் அகலமும் உள்ள என் அறைக்குத் தச்சரைக் கொண்டு ஆறு பேனல்கள் செய்வித்தபோது, இனி உங்களுக்குத் தொந்தரவு இராது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். மாட்டிய அன்றிரவே, மிருதங்கத்தின் தொப்பி ஒலி, அதாவது அதன் தாழ்ந்த ஒலி, முன்போலவே கேட்கிறது என்று அவர் வந்து கதவைத் தட்டினார். ஒலியைத் தடுக்கக் கனமும் இடுக்கில்லாத கட்டுமானமும் வேண்டும். பேனலுக்குள் இருப்பதோ கன மீட்டருக்கு 48 கிலோ எடையுள்ள, 50 மில்லிமீட்டர் தடிமனான ராக்வூல் என்னும் பாறையிழைப் பஞ்சு. அதன் இழைகளுக்கிடையே அதிரும் காற்று உராய்ந்து ஆற்றலை வெப்பமாக இழப்பதால், அறைக்குள்ளேயே திரும்பி வரும் ஒலி குறைகிறது. ‘தடுப்பு’ என்று பெயரிட்டால், நான் ஏமாந்ததுபோலவே வாங்குகிறவர்களும் ஏமாறுவார்கள்.

‘உறிஞ்சு’ என்ற பகுதியில் எனக்கு உடன்பாடே. ஆனால் அது வினைத்தொகையாதலால் ‘ஊறுகாய்’ போல வல்லினம் மிகாமல் ‘ஒலியுறிஞ்சு பலகை’ என்றே எழுத வேண்டும். என் உண்மையான தயக்கம் ‘பலகை’யின் மேல்தான். வழவழப்பான மரப்பலகை ஒலியைத் திருப்பியனுப்பும் பொருள். நாம் பெயர் தேடும் பொருள் செய்வது அதற்கு நேர்மாறானது. சட்டத்தின் மேல் இறுக்கும் துணியைக்கூட வாயால் ஊதிப் பார்த்து, மூச்சு மறுபக்கம் போகிறதா என்று சோதித்தே வாங்குகிறோம்.

அறை ஒலியியல் துறையின் தொடக்கத்தைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கிறது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்காத அளவுக்கு எதிர்முழக்கம் இருந்தபோது, அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்ற இயற்பியலாளர் வாலஸ் சபைன், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவில் எடுத்துவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் அவற்றைத் திருப்பி வைத்தார். உறிஞ்சும் திறனைத் திறந்த சன்னலின் பரப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கம் வருமுன், அவருக்கு அளவுகோலாக இருந்தவை அந்தத் திண்டுகளே. என் தச்சரும் எந்தக் கலைச்சொல்லும் அறியாமல், “இந்த மெத்தையை எங்கே மாட்டணும் சார்?” என்றுதான் கேட்டார்.

ஆகவே கட்டுரையில் முதன்முறை வரும்போது ‘ஒலியுறிஞ்சு திண்டு’ என்றும், பிறகு சுருக்கமாக ‘ஒலித்திண்டு’ என்றும் எழுதலாம் என முன்மொழிகிறேன். சுருக்கத்தை மட்டும் கேட்பவர் அதை ஒலியெழுப்பும் திண்டு என்று எண்ணக்கூடும். முழு வடிவத்தை முதலில் தரச் சொல்வது அதனால்தான்.

இதிலிருந்து மற்றச் சொற்களும் எளிதாகக் கிளைக்கின்றன. தாழ்ந்த ஒலிகளை உறிஞ்ச அறை மூலையில் வைக்கும் ‘பேஸ் டிராப்’புக்கு நண்பர் ஒருவர் தந்த ‘மந்தரப் பொறி’ எனக்கு எலிப்பொறியை நினைவூட்டுகிறது. தாழ்ந்த அதிர்வெண்களின் அழுத்தம் மூலைகளில்தான் மிகுகிறது; என் அறையின் நீளவாக்கில் அது 40 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது. மூலையில் தரையிலிருந்து கூரைவரை தடிமனாக நிற்கும் அதை ‘மூலைத்திண்டு’ என்றாலே போதும். சுவருக்கும் திண்டுக்கும் நடுவில் விடும் வெளியை ‘பின்வெளி’ எனலாம். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. கால் அலைநீளத் தொலைவில்தான் அதன் அசைவு உச்சமடைகிறது. 860 ஹெர்ட்ஸுக்கு அத்தொலைவு 10 சென்டிமீட்டர். எனவே 50 மில்லிமீட்டர் திண்டுக்குப் பின்னால் இன்னொரு 50 மில்லிமீட்டர் வெளி விட்டால், கூடுதல் ராக்வூல் வாங்காமலே இன்னும் தாழ்ந்த ஒலிகளை உறிஞ்ச வைக்கலாம். செலவின்றிக் கிடைக்கும் பயனுக்கு ஒரு தனிச்சொல் இருப்பது நியாயம்.

எஞ்சியிருப்பது, திண்டை மாட்ட வேண்டிய இடத்தின் பெயர். கேட்பவர் தம் இருக்கையில் அமர்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்திச் செல்ல, ஸ்பீக்கர் அதில் தெரியும் இடத்தில் பென்சிலால் குறியிடுகிறோம். ஸ்பீக்கரின் ஒலி சுவரில் பட்டுக் கேட்பவரிடம் திரும்பும் அந்த இடத்தை ‘முதல் எதிரொலிப்பிடம்’ என்று எழுதியிருக்கிறேன். ஒளியைக் கொண்டு ஒலியின் வழியைக் காணும் சோதனை என்பதால், தட்டச்சில் அது ‘எதிரொளிப்பிடம்’ ஆகிவிடும் ஆபத்து உண்டு. என் வரைவிலேயே இரண்டு இடங்களில் அப்படி ஆகியிருந்தது. குழப்பம் தராத வேறு சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.