துணைநூற்பட்டியல்: உடைந்த வரிகளும் அகரவரிசையும்

கேள்வி:
தமிழ்க் கட்டுரைக்கு ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் விதிகள்) 7ஆம் பதிப்பு முறையில் துணைநூற்பட்டியல், 62 பதிவுகள், வேர்டில் கையால் அடித்தது. இரண்டாவது வரி தொடங்கும் இடத்திலெல்லாம் என்டர் தட்டி, டேப் வைத்து உள்ளே தள்ளியிருந்தேன். எழுத்துருவை மாற்றியதும் வரிகள் பாதியில் அறுந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டுமா? ஒரு கட்டுரைக்கு 24 ஆசிரியர்கள். அத்தனை பேரையும் போடுவதா?

பதில் 1:
மறுபடி அடிக்க வேண்டாம். என்டர் தட்டினால் வேர்டுக்கு அது புதுப் பத்தி. உங்கள் ஒரு பதிவு இப்போது இரண்டு மூன்று பத்திகளாகக் கிடக்கிறது. கோப்பை நகலெடுத்துவிட்டு, பட்டியலை மட்டும் தேர்ந்தெடுங்கள். ரீப்ளேஸ் பெட்டியில் மோர், ஸ்பெஷல் என்று போய் 'பாராகிராஃப் மார்க்', அதை ஒட்டியே 'டேப் கேரக்டர்' இரண்டையும் தேடும் கட்டத்தில் இடுங்கள். மாற்றும் கட்டத்தில் ஓர் இடைவெளி. பதிவு உண்மையில் முடியும் இடத்தில் என்டருக்குப் பின் டேப் இல்லாததால் அதைத் தொடாது.

பிறகு பட்டியலைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + டி (T). பாராகிராஃப் பெட்டியில் 'ஹேங்கிங்' (முதல் வரி தவிர மற்றவை உள்ளே தள்ளி நிற்பது) 0.5 அங்குலம் (1.27 செ.மீ.), வரி இடைவெளி 'டபுள்', முன்னும் பின்னும் 0 என்று இருக்கிறதா பாருங்கள்.

பதில் 2:
20 பேர் வரை எல்லாரையும் போட வேண்டும். 21 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் 19 பேர், மூன்று புள்ளி, கடைசி ஆசிரியர். அந்தக் கடைசிப் பெயருக்கு முன் 'மற்றும்' வராது. டிஓஐ (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) முகவரியின் முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம்; அதுவும் இணைப்போடு ஒட்டிக்கொண்டால் பக்கம் திறக்காது.

பதில் 3:
அகரவரிசையைக் கண்ணால் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துக்குத் தரும் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடும். நமக்கோ அது கடைசி மெய். கமலன், கவிதா, கனகன் என்று வரவேண்டியது கனகன், கமலன், கவிதா என்றாகிவிடும். ற, ள, ழ மூன்றும் 'வ'வுக்கு முன்னால் வந்து நிற்கும். புள்ளி வைத்த எழுத்தும் பின்னுக்குப் போகும்: அகராதியில் கண்ணன் முதலில், கணபதி பிறகு; எண் வரிசையில் நேர்மாறு. பெயர் தப்பான இடத்தில் இருந்தால், தேடுகிறவர் அந்த நூல் பட்டியலிலேயே இல்லை என்று நினைத்துவிடுவார்.

கேட்டவர்:
வரிகள் சேர்ந்துவிட்டன, நன்றி. 9 பதிவுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

பதில் 1:
ஷிஃப்ட் + என்டர் தட்டியிருப்பீர்கள். அது பத்திக்குறி அல்ல. முகப்புப் பட்டையில் இருக்கும் பத்திக்குறிப் பொத்தானை அழுத்துங்கள். வளைந்த அம்பு தெரிந்தால் அதுதான். அதே ஸ்பெஷலில் 'பாராகிராஃப் மார்க்'குக்குப் பதில் 'மேனுவல் லைன் பிரேக்' வைத்து மாற்றுங்கள். அம்பு இல்லாமல் வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் தட்டியது. 9 தானே, கையால் அழித்துவிடலாம்.