நான்காவது கேள்வி

காட்பாடிக்காரன்:
“போதைப் பழக்கம் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகச் சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவமே போதும்” என்று நேற்று ஒரு மேதை எழுதியிருந்தார். நான்காவது கேள்வியைப் படித்தாரா? அன்றாடம் இயங்க மருத்துவச் சிகிச்சை எவ்வளவு தேவைப்படுகிறது என்று கேட்கிறது. ‘மிக மிக அதிகம்’ என்றால் 5. மதிப்பெண் கூடினால் வாழ்க்கை நன்று என்பது கணக்கு; அதனால் கூட்டும்போது அந்த 5ஐத் திருப்பி 1 ஆக்கிவிடுவார்கள். என் தம்பி போதை ஊசியை விட்டுவிட்டு, அதற்கு மாற்றுச் சிகிச்சையான பியூப்ரெனார்பின் மாத்திரையைத் தினமும் நாக்கடியில் வைத்துக் கரைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். அவனை நிமிர்த்திய மாத்திரைக்கே மதிப்பெண் வெட்டா?

வாலாஜா வாசி:
அந்த மேதை நான்தான். உடல்நலப் பிரிவில் ஏழு கேள்விகள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி எதற்கு? தூக்கமும் வேலைத்திறனும் கூடினால் மொத்தமும் கூடும். அதோடு, ஊசி போய் மாத்திரை வந்தது, அவ்வளவுதானே?

காட்பாடிக்காரன்:
இன்சுலின் போட்டுக்கொள்பவரிடம் போய் இதைச் சொல்லுங்கள், பார்ப்போம். நான்காவது கேள்விக்குப் பதில் எங்கே?

கோட்டை அகழி:
முதலில் ‘வாழ்க்கைத் தரம்’ என்று எதைச் சொல்கிறோம்? போதை ஊசி போட்டுக்கொள்வோருக்கென்றே கனடாவில் ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள். தனக்கு எது முக்கியம் என்பதை அதில் அவரே சொல்லலாம்.

வாலாஜா வாசி:
கனடா எதற்கு? இந்தப் படிவத்தின் மூலமான 100 கேள்விப் படிவத்தை உருவாக்கிய மையங்களில் சென்னையும் உண்டு.

காட்பாடிக்காரன்:
வந்துவிட்டது சென்னைப் பெருமை! 1986இல் அங்கே எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது வேலூரில் சோதித்த பிறகுதான் தெரிந்தது.

வாலாஜா வாசி:
தேடிப் போய் ரத்தம் எடுத்தவர்கள் சென்னைக்காரர்கள். ஆய்வகம் மட்டும்தான் உங்களுடையது. பாலாற்று மணல் விவாதத்திலும் இப்படித்தான் ஒரே வரியை நாற்பது முறை எழுதினீர்கள்.

காட்பாடிக்காரன்:
2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனவர் வேலூரைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆம்பூர்த் தோல்:
நாங்களும் அதே ஆண்டில்தான் திருப்பத்தூருக்குப் போனோம். வாயை மூடிக்கொள்ள வேண்டுமா, ஐயா?

கோட்டை அகழி:
நான் கேட்டதை யாராவது படித்தீர்களா?

காட்பாடிக்காரன்:
படித்தேன். நான்காவது கேள்வி அதில் இல்லை.

வாலாஜா வாசி:
ஏழில் ஒன்று, ஐயா. ஏழில் ஒன்று.

காட்பாடிக்காரன்:
அந்த ஒன்றுதான் என் தம்பி.