ஆடியோ பாட்காஸ்ட்டில் வீடியோவும் சேர்க்கலாமா? பாம்பனிலிருந்து ஓர் உதவிக் கேள்வி

கேள்வி (பாம்பன்)

வணக்கம். ஒன்றரை வருடமாகப் பாம்பன், சின்னப்பாலம், தங்கச்சிமடம் பக்கத்து மக்களின் பேச்சைப் பதிவு செய்து பாட்காஸ்ட்டாகப் போட்டு வருகிறேன். கடல்பாசி எடுக்கும் அக்காமார், வலை கட்டுகிறவர்கள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து உயிர் தப்பி வந்த பெரியவர்கள் என்று பலரும் பேசியிருக்கிறார்கள். ஒரு எபிசோட் 40 நிமிடம் வரும். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள், "முகத்தையும் காட்டுங்க அக்கா, அம்மாவைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு பாசி அக்காவிடம் போனை ஸ்டாண்டில் வைத்து எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் வேண்டுமென்று வாசலில் உட்காரவைத்ததால் கச்சான் காற்று மைக்கில் அடித்துவிட்டது. ரெக்கார்டரின் ஒலியைப் படத்தோடு சேர்த்தால் முதல் ஐந்து நிமிடம் சரியாக இருக்கிறது, போகப் போக உதடு ஒன்று சொல்கிறது, குரல் ஒன்று சொல்கிறது. ஏற்றுவதற்குள் ராத்திரி முழுக்கப் போய்விட்டது.

இதையெல்லாம் விடப் பெரிய கவலை வேறு. அந்த அக்கா என்னிடம் மணிக்கணக்காகப் பேசுகிறவர். கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் ஒரு வரி பதில் சொன்னார். வீடியோவுக்குப் போகலாமா, வேண்டாமா?

பதில் (தொண்டி)

தங்கச்சி, முதலில் உதடு விலகுவதைப் பார்ப்போம். போன் கேமரா வெளிச்சத்தைப் பொறுத்து விநாடிக்கு எத்தனை பிரேம் (தனித்தனிப் படம்) என்பதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரானது என்று எடுத்துக்கொள்வதால்தான் விலகும். போனே பதிவு செய்த ஒலியும் விலகுகிறதா என்று பாருங்கள். விலகினால் காரணம் இதுதான். ஹேண்ட்பிரேக் என்று வீடியோவை மாற்றும் மென்பொருள் இருக்கிறது, இலவசம், அதில் 'கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்' (சீரான பிரேம் எண்ணிக்கை) என்று வைத்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். ரெக்கார்டர் ஒலி மட்டும் விலகினால் இரண்டு கருவியின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பேச்சின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கை தட்டிவிடுங்கள். இரண்டு தட்டும் பொருந்துகிற மாதிரி ஒலியை இழுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அளவு. 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) மோனோவில் 40 நிமிடப் பேச்சு 19 எம்பிதான். 1080பி வீடியோவை யூடியூப் சொல்கிற 8 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 8 மெகாபிட்) வைத்தால் அதே 40 நிமிடம் 2.4 ஜிபி. உங்களுக்கு அப்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால், நடுவில் அறுந்துபோகாமலே இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும்.

யூடியூபில் இருந்தால் போதும் என்றால் உங்கள் பாட்காஸ்ட்டின் ஆர்எஸ்எஸ் முகவரியை (எபிசோட் பட்டியல் இருக்கும் இணைப்பு) யூடியூப் ஸ்டுடியோவில் கொடுங்கள். அட்டைப்படத்தை வைத்து அதுவே வீடியோவாக்கிக்கொள்ளும்.

பதில் (மண்டபம்)

நான் நாட்டுப்படகுக்காரன். உங்கள் பேச்சைக் கடலில்தான் கேட்கிறேன். கரையில் டவுன்லோடு செய்துகொண்டு போவேன்; கொஞ்ச தூரம் போனால் சிக்னல் கிடையாது. கை வலையில் இருக்கும்போது படத்தை எப்படிப் பார்ப்பது? வீடியோ போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "இதோ இப்படி", "இந்த மீன்தான்" என்று படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆடியோவை நிறுத்திவிடாதீர்கள்.

பதில் (கீழக்கரை)

அந்த அக்கா முந்தானையை இழுத்துவிட்டது வெறும் கூச்சம் இல்லை. பாசி எடுக்கிற இடம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளை ஒட்டியது. அங்கே போய்வருவதைப் பற்றிக் குரலாகச் சொல்வது வேறு, முகத்தோடு சொல்வது வேறு; முகம் தெரிந்தால் அவருக்கே சிக்கல் வரலாம். வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி யாரும் எங்கேயும் போடலாம், பிறகு திரும்ப வாங்க முடியாது. எடுத்ததை அவரிடம் போட்டுக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு யோசனை. முகம் வேண்டாம், கையை எடுங்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகத் துணி சுற்றுவார்களே, அதை எத்தனை வார்த்தையில் சொன்னாலும் கேட்கிறவனுக்குப் பிடிபடாது. இரண்டு நிமிடப் படம் போதும்.

கேள்வி கேட்டவர் (பாம்பன்)

எல்லோருக்கும் நன்றி. போனின் ஒலியும் விலகத்தான் செய்கிறது. ஹேண்ட்பிரேக்கில் மாற்றியதும் சரியாகிவிட்டது.

நேற்று அக்காவிடம் வீடியோவைக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "முகம் வேண்டாம்மா, கையை வேணும்னா எடு" என்று அவரே சொன்னார். அழித்துவிட்டேன். பேச்சைப் பழையபடி வீட்டுக்குள், கதவைச் சாத்திவிட்டு, ரெக்கார்டரில் மட்டும் எடுக்கப்போகிறேன். அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள் அவர்கள் பாசிக்குப் போவார்கள். அடுத்த முறை கிளம்புவதற்கு முன் துணி சுற்றும்போது இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

தொண்டி அண்ணன், அந்த இரண்டு நிமிடத்துக்கு 720பி போதுமா?

பதில் (தொண்டி)

தாராளமாகப் போதும். போனை நெஞ்சு உயரத்தில் வைக்காமல் கைக்கு நேர் மேலே பிடியுங்கள். உப்புக் காற்று லென்ஸில் படிந்திருக்கும், துடைத்துவிட்டு எடுங்கள்.